மலைகளை எண்ணிய மன்றோ

சென்னை மாநகரில் தீவுத்திடலை அடுத்து, பரிமேல் அமர்ந்த கோலத்தில் ஒரு பெருமகனாரின் சிலை நிற்கின்றது. குதிரையின் முதுகில் முறையான சேணம் இல்லை. கால் தாங்கும் அங்கவடியும் இல்லை. அவ்வழியே செல்வோர் அதனைக் கண்டு வியந்து பேசுவது வழக்கம். அச்சிலைக்கு உரியவர் சர் தாமஸ் மன்றோ. இவர் 1820ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக விளங்கியவர். அதற்கு முன்னர்ச் சேலம், தருமபுரிப் பகுதிகளாகிய பாரமகாலில் 1792 முதல் 1799 வரை ஊர் ஊராகச் சென்று, வயல்களை அளந்து வரி விதிக்கும் பணியில் ஈடுபட்டவர். நிலத்தை உழும் குடியானவனிடமே அரசு நேரே வரி பெறும் இரயத்துவாரி முறை இவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. 1827ஆம் ஆண்டு பத்திக்கொண்டாவில் வாந்திபேதி நோயால் இவர் உயிர் நீத்தார்.

இத் தாமஸ் மன்றோவின் மகன் வயிற்றுப் பெயரர் ஒருவரும் அளப்பதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். பாட்டனார் அளந்தவை வயல்கள். பெயரர் அளந்தவை மலைகள். பாட்டனாரை நம் நாட்டார் அறிவர். பெயரரை அறிந்தார் ஈண்டு மிகச் சிலரே. ஸ்காட்லாந்து நாட்டிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே மன்றோ என்றால் மலை என்றே பொருள்படும். அவர் வரலாற்றினை இப்பாடத்தில் காண்போம்.

ஹியூ தாமஸ் மன்றோ 1856ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் இவரே மூத்தவர். ஸ்காட்லாந்தின் கீழ்ப்பகுதியில், கிரிமியூர் என்னும் சிற்றூரை அடுத்த லிண்டர்டிஸ் என்பது இவர் குடும்பத்தாரின் பண்ணையும் மாளிகையும் அமைந்த இடம். இலண்டன் வாழ்வு பாதியும் லிண்டர்டிஸ் வாழ்வு பாதியுமாக இவர் இளமை கழிந்தது. கிடைத்த பொருள்களைத் தொகுத்து வகைப்படுத்தி வைக்கும் இயல்பு இவரிடம் சிறுவயதிலேயே காணப்பட்டது. கிளிஞ்சல், பறவை முட்டை, வண்ணத்துப்பூச்சி எனப் பலவற்றைச் சேர்த்துப் பெயர் எழுதி வைத்தார். பிற்காலத்தில் இவர் மலைகளைத் தொகுத்ததற்கு இதுவே வித்து என்று கொள்ளலாம்.

பதினேழாம் வயதில் செருமானிய மொழி கற்கும்பொருட்டு ஸ்டுட்கார்ட்டு நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து ஆல்ப்ஸ் மலைத்தொடர் தொலைவன்று. மொழி கற்கச் சென்ற இளைஞர் மலையேறவும் கற்றுத் திரும்பினார். பின்னர் இலண்டனில் வணிகப் பயிற்சி பெற்றார். ஆயினும் உடல்நலம் குன்றியது. 1880ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டால் ஆளுநர் சர் ஜார்ஜ் காலியிடம் அந்தரங்கச் செயலாளராகப் பணிபுரிந்தார். பசுட்டோ மக்களோடு நிகழ்ந்த போரில் குதிரைப்படையில் சேர்ந்து, செய்தி கொண்டு செல்லும் பணியையும் மேற்கொண்டார். பின்னர்த் தாயகம் மீண்டு குடும்பப் பண்ணையை மேற்பார்க்கலானார். 1885ஆம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். அத்தோல்வி ஸ்காட்லாந்து மலைகளுக்கு நன்மையாகவே முடிந்தது.

இனி அம்மலைகளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். உயரத்தால் அவை பெரியவை அல்ல. அனைத்திலும் உயர்ந்த பென் நெவிஸ் 4,400 அடியைச் சிறிதே கடந்து நிற்பது. அதாவது 1,345 மீட்டர். ஆல்ப்ஸ் மலையின் பெருஞ்சிகரங்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. ஆனால் உயரத்தைக் கொண்டு மட்டும் ஒரு மலையை மதிப்பிடுதல் ஆகாது. அந்நாடு வடதுருவத்தை நோக்கி வெகுதொலைவு நீண்டிருப்பது. மேலைக் கடலிலிருந்து எழும் புயற்காற்று நேரே அம்மலைகளின் மீதே மோதும். காலையில் கண்ணாடி போல் தெளிந்திருந்த சிகரம் நண்பகலில் மஞ்சினுள் மறைந்து, முன் வைத்த காலும் தெரியாதவாறு செய்துவிடும். மார்கழி மாதத்தில் பகற்பொழுது ஏழு மணி நேரத்துக்கு மேல் இராது. அத்தகைய குளிர்காலத்திலேயே, உறைபனி மூடிய முகடுகளில் நடப்பதை ஹியூ மன்றோ பெரிதும் விரும்பினார்.

1889ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறுநர் கழகம் தோன்றியது. மன்றோ அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவர். 1894 முதல் 1897 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். கழகத்தார் ஓர் இதழும் நடத்தினர். அதன் ஆசிரியர் ஸ்டாட் என்பவர். நாட்டில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகள் எத்தனை என்னும் கேள்வி அந்நாளில் எழுந்தது. கேள்வி எளியது, விடை கூறுவார் ஒருவரும் இலர். வழிகாட்டி நூல்கள் முப்பதை ஒட்டியே கணக்குக் கூறின. மலைகளிடையே பிறந்து வளர்ந்த நாட்டார்க்கே தம் மலைகளின் தொகை தெரியாதிருந்தது. இக்குறையைப் போக்கும் பொறுப்பை மன்றோ ஏற்றார்.

அப்பணியின் அருமையை இந்நாளில் உணர்வது கடினம். அரசாங்க நில அளவைத் துறையார் இருவகைப் படங்கள் வெளியிட்டிருந்தனர். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டுவது ஒருவகை. ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது மற்றொன்று. ஒன்றில் பெயர் இருக்கும், உயரம் இராது. மற்றொன்றில் உயரம் இருக்கும், பெயர் இராது. பெயரும் உயரமும் இன்றி, கோடுகளின் நெருக்கத்தால் மட்டுமே ஊகித்தறிய வேண்டிய முடிகளும் பலவாக இருந்தன. மன்றோ இவ்விருவகைப் படங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒவ்வொரு மலைக்கூட்டமாக ஒத்துப் பார்த்தார். ஐயம் எழுந்த இடங்களுக்குத் தாமே நேரில் சென்றார்.

செல்லும்போது காற்றழுத்தமானி ஒன்றைக் கையில் கொண்டு சென்றார். காற்று நீக்கி மூடப்பட்ட சிறிய உலோகப் பேழையே அதன் உயிர்நிலை. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். பேழை சிறிதே விரிந்து கொடுக்கும். அவ்விரிவினை முள் ஒன்று பெருக்கிக் காட்டும். ஏறத்தாழ 900 அடி ஏறினால் பாதரச அளவில் ஓர் அங்குலம் குறையும் என்பது கணக்கு. ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போதே வானிலை மாறினால் கருவி பொய் கூறும். ஆகவே உயரம் அறிந்த ஒரு முடியிலிருந்து அறியாத முடிக்கு விரைந்து சென்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஐயத்திற்கிடமான உயரங்களை ஐயத்திற்கிடமானவை என்றே பட்டியலில் அவர் குறித்து வைத்தார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை.

இதனினும் அரியதொரு சிக்கலும் இருந்தது. ஒரே மலையில் மூன்று நான்கு முடிகள் இருக்கும். அவற்றைத் தனித்தனி மலைகளாக எண்ணுவதா? ஒரு மலையின் கிளைகளாகக் கொள்வதா? இரண்டு முடிகளுக்கு இடையே இத்தனை அடி பள்ளம் இருந்தால் தனி மலை என்று ஓர் அளவை வகுத்துக்கொண்டிருக்கலாம். மன்றோ அங்ஙனம் செய்யவில்லை. இடைப்பள்ளத்தின் ஆழம், முடிகளுக்கு இடையேயுள்ள தொலைவு, மலையின் தோற்றம், அங்கு வாழ்வார் வழங்கும் பெயர் ஆகிய அனைத்தையும் சீர்தூக்கித் தம் அறிவு கூறியவாறு முடிவு செய்தார். இஃது ஒரு குறையே என்பார் இன்றும் உளர். இலக்கணத்தில் விதியின்றி வழக்கை மட்டும் கொண்டு முடிபு கூறினால் வாதம் எழுவது போலவே இங்கும் வாதம் எழுந்தது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் மலை என்பது அளவுகோல் ஒன்றினாலேயே அறியப்படும் பொருளன்று என்னும் அவர் கருத்தும் தள்ளத்தக்கதன்று.

மலைப் பெயர்களும் அவரை எளிதில் விடவில்லை. அவை கேலிக் என்னும் பழைய மொழியில் அமைந்தவை. பெரிய மலைக்கு ஒரு சொல். உருண்டு திரண்ட குன்றுக்கு ஒரு சொல். கூரிய பாறைச் சிகரத்துக்கு வேறொரு சொல். கற்குவை போன்ற மேட்டுக்கு மற்றொரு சொல். மலை, குன்று, வெற்பு, பொருப்பு, வரை என்று பல சொற்களை உடைய நம் மொழியாளர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் ஆங்கிலம் மட்டுமே பயின்ற அளவையாளர்கள் அப்பெயர்களைக் கேட்டவாறு எழுதி வைத்தமையால் பிழைகள் மலிந்தன.

1891ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கழக இதழில் மன்றோவின் பட்டியல் வெளிவந்தது. படித்தோர் திகைத்தனர். முப்பது என்று எண்ணியிருந்த மலைகள் 283 ஆகப் பெருகியிருந்தன. கிளை முடிகளையும் சேர்த்தால் தொகை 538. தம் வீட்டுப் பின்புறத்தில் இத்தனை செல்வம் புதைந்திருந்ததை அறியாதவர் போல மலையேறுநர்கள் பட்டியலும் கையுமாகப் புறப்பட்டனர். அனைத்தையும் ஏறி முடித்தல் வேண்டும் என்னும் வேட்கை அப்பொழுதே முளைத்தது. பட்டியலைத் தந்த மன்றோவுக்கும் அவ்வேட்கை இருந்தது. மலைகள் மட்டும் அல்ல, 538 முடிகளையும் மிதித்துவிடுவது என்று அவர் உறுதி கொண்டார்.

அந்நாளில் மலைநாட்டில் நடப்பதற்குக் காலும் துணிவும் மட்டும் போதா. மலைகளிற் பெரும்பாலானவை பெருநிலக்கிழார்களின் மான் வேட்டைக் காடுகளாக இருந்தன. வேட்டைக் காலத்தில் பிறர் நடமாடினால் மான்கள் கலையும் என்று காவலர்கள் வழி மறிப்பர். மலைகளில் நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு வழங்க 1884ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிரைஸ் என்பவர் பாராளுமன்றத்தில் கொணர்ந்த மசோதா நிறைவேறவில்லை. அந்நாட்டில் அவ்வுரிமை சட்டமாவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. மன்றோவும் ஒரு நிலக்கிழாரே. பிற நிலக்கிழார்களின் வேட்டையைக் கெடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. மலையை விடவும் மனம் வரவில்லை. ஆதலின் இரவிலே ஏறினார். ஊர் உறங்கும் வேளையில் புறப்பட்டு, நிலவொளியிலும் விளக்கொளியிலும் நடந்து, பிறர் கண்ணில் படாமல் மலை கடந்து இறங்கினார்.

பட்டியலிலுள்ள மலைகள் அனைத்தையும் முதலில் ஏறி முடித்தவர் மன்றோ அல்லர். ஆர்ச்சிபால்டு ராபர்ட்சன் என்னும் கிறித்தவச் சமயகுரு ஒருவர் அப்பெருமையைப் பெற்றார். இவர் மன்றோவினும் பதினான்கு ஆண்டு இளையவர். மிதிவண்டியில் பள்ளத்தாக்குகளைக் கடந்து, இடையர்களின் குடில்களிலும் வேட்டைக் காவலர்களின் இல்லங்களிலும் தங்கி, மலைமலையாக ஏறினார். 1901ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கிளென்கோ பள்ளத்தாக்கை அடுத்த மியால் ஜெராக் என்னும் இறுதி மலையின் உச்சியை மனைவியுடனும் நண்பருடனும் அடைந்தார். அங்கு அடுக்கியிருந்த கற்குவையை முதலில் முத்தமிட்டு, அதன் பின்னரே மனைவியை முத்தமிட்டார் என்று கூறுவர். பென் வைவிஸ் என்னும் மலையில் அவர் மழையால் உச்சி சேராது திரும்பிய குறிப்பு ஒன்று பின்னர் அகப்பட்டதால், அவர் வெற்றி முழுமையானதா என்று ஐயுறுவோரும் உளர். அது நிற்க.

மன்றோவின் கதைக்கு வருவோம். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் பட்டியலில் எஞ்சிய முடிகள் குறைந்துகொண்டே வந்தன. ஆயினும் வாழ்க்கை மலையேற்றமாக மட்டும் அமையவில்லை. 1892ஆம் ஆண்டு அவர் மணந்துகொண்ட செலினா அம்மையார் பத்தே ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து 1902இல் மறைந்தார். ஒரு மகனையும் மூன்று மகள்களையும் வளர்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. தந்தையார் 1913ஆம் ஆண்டு காலமாகவே, பாட்டனார் தாமஸ் மன்றோவுக்கு 1825ஆம் ஆண்டு வழங்கப்பெற்ற பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டமும் பண்ணையும் அவரிடம் வந்தன.

இறுதியில் மூன்று முடிகளே எஞ்சின. ஒன்று கார்ன் அன் ஈலர். பிடில் வாசிப்பவன் குன்று என்பது அதன் பொருள். மூன்று மாவட்டங்கள் கூடும் எல்லையில், பாதைகளுக்கு வெகுதொலைவில் தனித்து நிற்பது அது. மற்றொன்று கார்ன் கிளாய்க் வூலின். மாவரைக்கும் எந்திரக்கல் போன்றதாம் அக்குன்று. ஏறுவதற்கு அரியதன்று. எல்லாவற்றையும் முடித்துவிட்டு மகிழ்ச்சியோடு ஏறுவதற்கென்றே மன்றோ அதனைக் கடைசியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

மூன்றாவதே முட்டுக்கட்டையாக நின்றது. ஸ்கை என்னும் தீவில் கூலின் என்னும் கரும்பாறைத் தொடர் உண்டு. அப்பாறைகளின் காந்தத் தன்மையால் திசைகாட்டியின் முள்ளும் நிலை தடுமாறும். அத்தொடரில் ஸ்கூர் ஜெராக் என்னும் மலையின் உச்சியில், நட்டு வைத்த வாள் போல ஒரு பாறைத் தகடு எழுந்து நிற்கின்றது. இரு புறமும் செங்குத்தான பள்ளம். நடுவே ஒருவர் ஊர்ந்து செல்லும் அளவே இடம். கயிறு கட்டியே ஏறுதல் வேண்டும். அணுகவொண்ணாச் சிகரம் என்றே அதற்குப் பெயர். 1880ஆம் ஆண்டில் பில்கிங்டன் உடன்பிறந்தார் இருவர் அதனை முதன்முதல் ஏறினர். அண்டையிலுள்ள மலையுச்சியினும் ஏறக்குறைய எட்டு மீட்டர் உயர்ந்திருந்தும், மன்றோ தம் பட்டியலில் அதனைக் கிளைமுடி என்றே குறித்திருந்தார். ஆயினும் கிளைமுடிகளையும் ஏறுவதென உறுதி பூண்டவருக்கு அதனை விட்டுவிட வழியில்லை. ராபர்ட்சன் தம் இளமையிலேயே அதன் மீது ஏறியிருந்தார். மன்றோ முயன்றும் அஃது அவர்க்குக் கைகூடவில்லை. ஸ்கைத் தீவின் மழையும் மஞ்சும் ஈரப்பாறையில் கால் வைக்க இடந்தரவில்லை.

இந்நிலையில் 1914ஆம் ஆண்டு உலகப் பெரும்போர் மூண்டது. மன்றோவுக்கு அப்பொழுது ஐம்பத்தேழு வயது. படையில் சேரும் பருவம் கடந்துவிட்டது. வீட்டில் அமர்ந்து எஞ்சிய மூன்று முடிகளையும் முடித்திருக்கலாம்; எவரும் அவரைக் குறை கூறியிரார். அவரோ மால்ட்டாத் தீவுக்குச் சென்றார். காயமுற்ற வீரர்களையும் காணாமற்போன வீரர்களையும் பற்றிய செய்திகளைத் திரட்டும் பணியில் ஈடுபட்டார். மலைகளைத் தேடித் தேடி எழுதிய கை, மகனைக் காணாத தாய்மார்க்காகப் பெயர்களைத் தேடலாயிற்று. நோயுற்று நாடு திரும்பினார். உடல் சற்றுத் தேறியதும் 1918ஆம் ஆண்டு மீண்டும் புறப்பட்டு, பிரான்சு நாட்டின் தென்பகுதியில் தாராஸ்கான் என்னும் ஊரில் படைவீரர்க்கு உணவுச்சாலை ஒன்று அமைத்தார். போர் முடிந்தது, ஆனால் அதன் பின்னே இன்புளுயென்சா என்னும் கொள்ளை நோய் உலகெங்கும் பரவியது. குளிர் தாக்கி நுரையீரல் அழற்சியுற்று, 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் தம் அறுபத்திரண்டாம் வயதில் மன்றோ காலமானார். அவர் உடல் லிண்டர்டிசுக்குக் கொணரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. மூன்று முடிகளும் ஏறப்படாமலே நின்றன.

பட்டியலைத் திருத்துவதற்காக அவர் சீட்டுகளில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு, கழகத்தார் 1921ஆம் ஆண்டு புதிய பதிப்பை வெளியிட்டனர். அதில் அணுகவொண்ணாச் சிகரம் தனி மலையாக உயர்த்தப்பெற்றது. கடைசியில் ஏறுவதற்கென அவர் ஆசையோடு ஒதுக்கி வைத்த கார்ன் கிளாய்க் வூலினோ 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் தனி மலை என்னும் தகுதியை இழந்து கிளைமுடி ஆயிற்று. புதிய அளவைகள் வரவர மலைகள் சேர்வதும் நீங்குவதுமாக, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பட்டியலில் 282 மலைகள் உள்ளன.

அம்மலைகள் ஒவ்வொன்றையும் அந்நாட்டார் மன்றோ என்றே அழைக்கின்றனர். இன்று இரண்டு மன்றோ ஏறினேன் என்று ஒருவர் கூறினால் கேட்பவர்க்குப் பொருள் விளங்கும். செய்தவன் பெயர் செயப்பட்ட பொருளுக்கு ஆவதைக் கருத்தாவாகுபெயர் என்று நாம் படித்திருக்கின்றோம். மலைகளை மன்றோ செய்யவில்லை, பட்டியலையே செய்தார், எனினும் வழக்கு அவர் பெயரை மலைக்கே தந்துவிட்டது. அனைத்தையும் ஏறி முடித்தவரை மன்றோயிஸ்ட் என்பர். முடித்தோர் கழகத்துக்கு எழுதினால் அவர்க்கு ஓர் எண் வழங்கப்படும். ராபர்ட்சன் முதலாமவர், இரண்டாமவரும் ரொனால்டு பர்ன் என்னும் சமயகுருவே, அவர் முடித்த ஆண்டு 1923. இதுகாறும் எண் பெற்றோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆசிரியரும், மருத்துவரும், தொழிலாளரும், ஓய்வு பெற்ற முதியோரும் அவருள் அடங்குவர். அவர்களில் பலர் கயிறு பிடிக்க வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, நல்ல வானிலை வாய்க்கும் நாளை எதிர்நோக்கி, அணுகவொண்ணாச் சிகரத்தைக் கடைசி வரை ஒதுக்கியே வைத்திருக்கின்றனர்.